ஒன்பது வரிகளில் ஒரு கழகம்: நான்-லீக் பருவ அட்டவணையைப் படிப்பது எப்படி?

இங்கிலாந்தின் எந்தச் சிறிய கால்பந்துக் கழகத்தை எடுத்துக்கொண்டாலும், அதன் வரலாற்றைச் சொல்லும் இடத்தில் ஒரு நீண்ட அட்டவணையைப் பார்க்கலாம். இடது ஓரத்தில் பருவங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும். ஒவ்வொரு பருவத்துக்கும் எதிரே அந்தக் கழகம் ஆடிய லீக், ஆட்டங்கள், வெற்றி, சமன், தோல்வி, அடித்த கோல், வாங்கிய கோல், புள்ளி, இறுதியில் பிடித்த இடம், கோப்பைப் போட்டியில் எந்தச் சுற்றுவரை போனது, சராசரியாக எத்தனை பேர் பார்க்க வந்தார்கள் ஆகியவை எண்களாக நிற்கும். ஒரு பருவத்துக்கு இரண்டு ஆண்டு எண்கள் இருப்பதற்குக் காரணம் எளியது: ஆட்டங்கள் ஆகஸ்டில் தொடங்கி மறு ஆண்டு ஏப்ரல், மே வரை நீள்கின்றன. 2003–04 என்றால் 2003 ஆகஸ்டு முதல் 2004 மே வரை என்று பொருள்.

முதன்முதலாகப் பார்ப்பவருக்கு இது வெறும் எண்காடாகத் தெரியும். பலர் செய்யும் பிழை, ‘பிடித்த இடம்’ என்ற ஒரு கட்டத்தை மட்டும் பார்த்து நல்ல ஆண்டு, கெட்ட ஆண்டு என்று முடிவுகட்டிவிடுவதாகும். அந்த எண் மட்டும் தனியே நின்று எதையும் சொல்லாது. கழகம் அந்த ஆண்டு எந்தப் படியில் நின்றது, அந்தப் படியிலிருந்து மேலே போகும் கதவு திறந்திருந்ததா, அதற்கு அன்று என்ன விதி இருந்தது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் வரி பேசத் தொடங்கும். இதை விளக்க நான் எடுத்துக்கொள்வது ஏ.எஃப்.சி. விம்பிள்டன் கழகத்தின் முதல் ஒன்பது வரிகளை. 2002 முதல் 2011 வரையான அந்த ஒன்பது பருவங்களுக்குள், நான்-லீக் கால்பந்தில் அறிய வேண்டிய பெரும்பாலான நுணுக்கங்கள் வந்துவிடுகின்றன.

முதலில் ‘நான்-லீக்’ என்ற பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். லீக் எதிலும் ஆடாத கழகம் என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. நான்-லீக் கழகங்கள் அனைத்தும் ஏதோ ஒரு லீக்கில்தான் ஆடுகின்றன. 1888இல் 12 கழகங்களோடு ஃபுட்பால் லீக் தொடங்கியபோது, ‘லீக்’ என்ற சொல்லே அந்த ஒன்றைக் குறிப்பதாக நிலைத்துவிட்டது. அதற்கு வெளியே இருந்தவை எல்லாம் ‘லீக்கில் இல்லாதவை’ ஆயின. இன்றைய கணக்கில் பிரீமியர் லீக்கில் 20 கழகங்கள், அதன் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ ஆகிய மூன்றில் தலா 24, ஆக மொத்தம் 92. இந்த நான்கு படிகளுக்குக் கீழே உள்ள அனைத்தும் நான்-லீக்.

ஐந்தாம் படியான நேஷனல் லீக் நாடு முழுமைக்கும் ஒன்று. ஆறாம் படியில் அது வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிகிறது. ஏழாம் படியில் நான்கு பிரிவுகள், எட்டில் எட்டு, ஒன்பதில் பதினாறு என்று கீழே போகப் போகப் பரந்துகொண்டே போகும் இந்த அமைப்பைத்தான் அங்கே பிரமிடு என்கிறார்கள். கீழ்ப்படிகளில் பணமும் பயண வசதியும் குறைவு என்பதால், கழகங்கள் அக்கம்பக்கத்து ஊர்களோடு மட்டுமே ஆடும்படி பிரிவுகள் வட்டார வாரியாக அமைந்திருக்கின்றன. பருவம் முடியும்போது ஒவ்வொரு பிரிவின் உச்சியில் இருப்பவர் மேல்படிக்கு ஏறுவர், அடியில் இருப்பவர் கீழ்ப்படிக்கு இறங்குவர். கடைசி இடத்தில் வந்த அணியும் அடுத்த ஆண்டு அதே தொடரில் ஆடுவதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இந்த ஏற்ற இறக்கம்தான் அட்டவணையில் முதலில் பழக வேண்டிய விஷயம். ஆகவே ‘லீக்’ என்ற கட்டத்தைப் பார்க்காமல் ‘இடம்’ என்ற கட்டத்துக்குப் போகக்கூடாது.

இனி ஒரு வரியை அருகில் வைத்துப் பார்ப்போம். ஏ.எஃப்.சி. விம்பிள்டனின் 2003–04 வரி இப்படி இருக்கும்: கம்பைன்டு கவுன்ட்டீஸ் லீக், பிரீமியர் டிவிஷன், ஆட்டம் 46, வெற்றி 42, சமன் 4, தோல்வி 0, அடித்தது 180, வாங்கியது 32, புள்ளி 130, இடம் 1. வெற்றிக்கு மூன்று புள்ளி, சமனுக்கு ஒன்று. எனவே 42ஐ மூன்றால் பெருக்கினால் 126, அதோடு 4 சேர்த்தால் 130. இந்தச் சிறு கணக்கை ஒவ்வொரு வரிக்கும் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். கணக்கு ஒத்துவராத வரியில் ஏதோ ஒரு கதை ஒளிந்திருக்கிறது என்று பொருள். அப்படி ஒரு வரி இதே கழகத்துக்கும் உண்டு, அதைப் பின்னால் பார்ப்போம். ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய நான்கு கோல் அடித்து, ஒரு கோல்கூட முழுதாக வாங்காத ஆண்டு இது. ஆனாலும் இந்த வரியைக் கண்டு மயங்கிவிடக்கூடாது. இது இன்றைய எண்ணிக்கைப்படி ஒன்பதாம் படி. லண்டனைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் அணிகள் ஆடும் லீக்.

அந்த லீக்கில் இப்படி ஓர் அணி எப்படி வந்தது என்பதற்கு அதற்கு மேலே உள்ள வரியைப் படிக்க வேண்டும். டென்னிஸால் நாம் அறிந்த அதே விம்பிள்டனில், 1889இல் தோன்றிய விம்பிள்டன் எஃப்.சி. என்ற பழைய கழகம் இருந்தது. தன் சொந்த மைதானமான பிளாவ் லேனை 1991இல் விட்டுவிட்டு, வேறொரு கழகத்தின் மைதானத்தில் ஒண்டிக்கொண்டிருந்த அக்கழகத்தை, சுமார் 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுபோக உரிமையாளர்கள் விரும்பினார்கள். மூவர் அடங்கிய ஆணையம் 2002 மே 28 அன்று இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் அதற்கு அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் தங்களுக்கென ஒரு கழகத்தைத் தாங்களே தொடங்கினார்கள். ஜூன் மாதக் கடைசியில் விம்பிள்டன் பொதுவெளிப் புல்தரையில் வீரர் தேர்வு நடந்தது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். ஜூலை 10 அன்று சட்டன் யுனைடெட் மைதானத்தில் நடந்த முதல் நட்பு ஆட்டத்தில் புதிய அணி 0–4 என்று தோற்றது. அதைப் பார்க்க 4,657 பேர் கூடியிருந்தார்கள்.

நட்பு ஆட்டம் எதுவும் பருவ அட்டவணையில் ஏறுவதில்லை என்பதால், அந்த நாள் எந்த வரியிலும் கிடையாது. அட்டவணையில் முதலில் பதிவாகும் ஆட்டம் 2002 ஆகஸ்டு 17 அன்று சான்ட்ஹர்ஸ்ட் டவுனுக்கு எதிராக நடந்தது: 2–1 வெற்றி, பார்வையாளர் 2,449. அடுத்து கிங்ஸ்மெடோவில் நடந்த முதல் சொந்த மைதான ஆட்டத்தில் சிப்ஸ்டெட் அணியிடம் 1–2 என்று தோல்வி, பார்வையாளர் 4,262. பருவத்தின் முடிவில் 46 ஆட்டங்களில் 36 வெற்றி, 3 சமன், 7 தோல்வி, 111 புள்ளி, இடம் 3. நூற்றுப் பதினொரு புள்ளி எடுத்தும் மூன்றாம் இடம்தான். மேலே போகவும் முடியவில்லை. ‘புள்ளி’ என்ற கட்டத்தை வைத்து ஆண்டுகளை ஒப்பிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

இந்த வரியில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் கடைசியில் இருப்பது: சராசரிப் பார்வையாளர் 3,000க்கும் மேல். பிரமிடின் அந்த உயரத்தில் இது கேள்விப்படாத எண்ணிக்கை. மில்டன் கீன்ஸ் போகக் காத்திருந்த பழைய கழகம் அதே ஆண்டில் இரண்டாம் படியில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் சராசரி இதைவிடக் குறைவு. நான்-லீக் அட்டவணையில் பார்வையாளர் கட்டத்தை அலங்காரமாக நினைத்துத் தாண்டிப்போகாதீர்கள். தொலைக்காட்சிப் பணம் ஏறக்குறைய இல்லாத இந்தப் படிகளில், வாயிலில் டிக்கெட் வாங்குபவர்தான் கழகத்தின் வருமானம். வீரருக்கான வாரக் கூலி முதல் புல்தரைப் பராமரிப்புவரை அந்த எண்ணிலிருந்துதான் பிறக்கிறது.

அட்டவணை ஆண்டு வாரியாக வெட்டப்பட்டிருப்பதால், சில பெரிய செய்திகள் வெட்டுப்பட்டுப் போகும் என்பதையும் சொல்ல வேண்டும். 2003 பிப்ரவரி முதல் 2004 டிசம்பர் வரை ஏ.எஃப்.சி. விம்பிள்டன் லீக்கில் தொடர்ந்து 78 ஆட்டங்கள் தோற்கவில்லை. இங்கிலாந்தின் பெரியவர்களுக்கான கால்பந்தில் அது ஒரு சாதனை. ஆனால் அட்டவணையில் ‘78’ என்ற எண் எங்குமே இல்லை. முதல் வரியின் வால், இரண்டாம் வரி முழுவதும், மூன்றாம் வரியின் தலை என்று மூன்று வரிகளில் அது சிதறிக் கிடக்கிறது. 2004 டிசம்பர் 4 அன்று கிரே வாண்டரர்ஸ் அணி 2–0 என்று வென்றதோடு அது முடிந்தது. மூன்றாம் வரியான 2004–05இல் இஸ்த்மியன் லீக் முதல் டிவிஷனில் 97 புள்ளியுடன் முதலிடம் என்று இருக்கும். அதில் ‘தோல்வி 3’ என்ற கட்டத்துக்குள் அந்த டிசம்பர் நாள் அடங்கிவிட்டது. வரியைப் படித்த பிறகு, வரிகளுக்கு இடையே உள்ள கோட்டையும் தாண்டிப் படிக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

இதே 2004இல் பிரமிடிலேயே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஐந்தாம் படியில் இருந்த கான்ஃபரன்ஸுக்கு (இன்றைய நேஷனல் லீக்) கீழே, கான்ஃபரன்ஸ் நார்த், கான்ஃபரன்ஸ் சவுத் என்ற இரண்டு பிரிவுகள் புதிதாகப் பிறந்தன. அதாவது, கட்டடத்தின் நடுவில் ஒரு மாடியைப் புதிதாகச் செருகினார்கள். அதற்குக் கீழே இருந்த லீக்குகளின் பெயர் மாறாவிட்டாலும், அவற்றின் படி எண் ஒன்று கூடிவிட்டது. ஆறாம் படியில் இருந்த இஸ்த்மியன் பிரீமியர் ஏழாம் படியாயிற்று. 2004க்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளை ஒப்பிடும் எவரும் இதை மனத்தில் வைக்காவிட்டால், ஓரிடத்திலேயே நின்ற கழகம் இறங்கிவிட்டதாகவும், ஒரு படி ஏறிய கழகம் அசையாமல் இருந்ததாகவும் பிழையாகக் கணக்கிட நேரும்.

பெயர்களும் குழப்பும். 1979இல் அலையன்ஸ் பிரீமியர் லீக் என்று தொடங்கியது பின்னர் கான்ஃபரன்ஸ் ஆகி, 2015 முதல் நேஷனல் லீக் என்று வழங்குகிறது. இடையே பணம் கொடுத்த நிறுவனங்களின் பெயரில் கோலா லீக், வாக்ஸ்ஹால் கான்ஃபரன்ஸ், நேஷன்வைட் கான்ஃபரன்ஸ், புளூ ஸ்கொயர் என்று எத்தனையோ பெயர்கள். 1997 முதல் 2017 வரை ‘ரைமன் லீக்’ என்று அட்டவணையில் கண்டால் அது 1905இல் தோன்றிய அதே இஸ்த்மியன் லீக்தான். வட்டார எல்லைகளைச் சரிசெய்வதற்காகக் கால்பந்துச் சங்கம் ஒரு கழகத்தை ஒரு லீக்கிலிருந்து அதே படியிலுள்ள இன்னொரு லீக்குக்கு மாற்றுவதும் உண்டு. அப்போது லீக்கின் பெயர் மாறும். கழகம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

இஸ்த்மியன் பிரீமியரில் கழகம் இருந்த மூன்று ஆண்டுகள்தான் பாடமாகப் பயன்படக்கூடிய வரிகள். 2005–06இல் நான்காம் இடம், 2006–07இல் ஐந்தாம் இடம், 2007–08இல் மூன்றாம் இடம். மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரியான ஆண்டுகளாகத் தோன்றும். ஆனால் மூன்றாவதன் பக்கத்தில் மட்டும் ‘தரம் உயர்ந்தது’ என்ற குறிப்பு நிற்கும். காரணம் பிளே-ஆஃப். அந்த லீக்கில் முதலிடம் வந்தவர் நேரடியாக ஏறுவார். இரண்டு முதல் ஐந்து வரை வந்த நால்வர் தமக்குள் அரையிறுதி, இறுதி ஆடி, வென்ற ஒருவர் மட்டும் ஏறுவார். 2006இல் ஃபிஷர் அத்லெட்டிக்கிடம் 1–2, 2007இல் பிராம்லியிடம் 0–1 என்று இரண்டு முறையும் அரையிறுதியிலேயே கதவு மூடிக்கொண்டது. 2008இல் ஹார்ன்சர்ச்சை 3–1, இறுதியில் ஸ்டெய்ன்ஸ் டவுனை 2–1 என்று வென்று கான்ஃபரன்ஸ் சவுத்துக்கு ஏறினார்கள். 42 ஆட்டங்களின் உழைப்பு ஒரு மாலையில் வீணாகலாம் என்பதால் பிளே-ஆஃப் முறையை வெறுப்பவர்கள் பலர். ஐந்தாம் இடத்தில் இருப்பவருக்கும் ஏப்ரல்வரை நம்பிக்கை மிஞ்சுகிறது என்பதால், சிறிய ஊர்களுக்கு அது நல்லது என்றே நான் கருதுகிறேன்.

முன்னே சொன்ன, கணக்கு ஒத்துவராத வரி 2006–07. வெற்றி 21, சமன் 15. மூன்றால் பெருக்கிக் கூட்டினால் 78 வர வேண்டும். கட்டத்தில் இருப்பதோ 75. அந்த மூன்று புள்ளிகள் தண்டனையாகக் கழிக்கப்பட்டவை. கழகம் சேர்த்துக்கொண்ட ஒரு வீரர் அதற்கு முன் வேல்ஸைச் சேர்ந்த கார்டிஃப் சிட்டியில் இருந்தவர். வேல்ஸுக்குத் தனிக் கால்பந்துச் சங்கம் இருப்பதால், அவருக்குப் பன்னாட்டு இடமாற்றச் சான்று வாங்கியிருக்க வேண்டும். வாங்காததற்காக முதலில் 18 புள்ளிகள் கழிக்கப்பட்டன. பெரும் எதிர்ப்புக்கும் மேல்முறையீட்டுக்கும் பிறகு அது மூன்றாகவும் 400 பவுண்டு அபராதமாகவும் குறைந்தது. அந்தப் பதினெட்டு அப்படியே நின்றிருந்தால் 60 புள்ளி என்று ஆகி, பிளே-ஆஃபை நினைத்துப் பார்க்கவே முடிந்திருக்காது. ஒரு தாளின் விலை அவ்வளவு! இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு லூட்டன் டவுன்: நிதி முறைகேடுகளுக்காக 2008–09இல் 30 புள்ளி கழிக்கப்பட்டு, லீக் டூவிலிருந்து நான்-லீக்குக்குத் தள்ளப்பட்டது. அவர்கள் இந்தக் கதையில் மறுபடியும் வருவார்கள்.

இனி, பழைய வரிகளைப் படிக்கும்போது புதியவர்களை ஏமாற்றும் இடத்துக்கு வருகிறேன். விம்பிள்டனின் பழைய கழகம் 1974–75, 1975–76, 1976–77 ஆகிய மூன்று பருவங்களிலும் சதர்ன் லீக்கில் முதலிடம் பெற்றது. முதல் இரண்டு ஆண்டுகளும் அதே லீக்கில்தான் தொடர்ந்தது. ஏன்? அந்தக் காலத்தில் நான்-லீக்கிலிருந்து ஃபுட்பால் லீக்குக்கு ஏணியே கிடையாது, வாக்கெடுப்புதான் இருந்தது. ஃபுட்பால் லீக்கின் அடியில் வந்த நான்கு கழகங்கள் மறுதேர்தலுக்கு நிற்கும். வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் கழகங்களும் நிற்கும். உள்ளே இருப்பவர்கள் வாக்களிப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் உள்ளே இருப்பவர்களையே பெரும்பாலும் காப்பாற்றினார்கள். 1977இல் ஒருவழியாக வொர்க்கிங்டனை வெளியே அனுப்பி விம்பிள்டனை ஏற்றுக்கொண்டார்கள். அலையன்ஸ் பிரீமியர் லீக்கின் முதல் இரண்டு பட்டங்களையும் வென்ற ஆல்ட்ரிங்கம், 1980 வாக்கெடுப்பில் ராச்டேலிடம் 25–26 என்று ஒரே வாக்கில் தோற்றது. அவர்களின் அட்டவணையில் அடுத்தடுத்து ‘1’, ‘1’ என்று நிற்கும் இரண்டு வரிகளைப் பார்க்கும்போது, அந்த ஒரு வாக்கு எங்கே எழுதியிருக்கிறது என்று கண் தேடும். எங்கும் எழுதியிருக்காது.

1986–87இல்தான் நேரடி ஏற்றம் வந்தது. முதலில் ஏறியது ஸ்கார்பரோ, முதலில் இறங்கியது லிங்கன் சிட்டி. ஆனாலும் கதவில் இன்னொரு பூட்டு இருந்தது: மைதானத் தரம். இருக்கைகள், கொள்ளளவு, பாதுகாப்பு ஏற்பாடு ஆகியவற்றில் குறிப்பிட்ட நாளுக்குள் தகுதி பெறாத கழகம், முதலிடம் வந்தாலும் ஏற முடியாது. 1994இல் கிடர்மின்ஸ்டர் ஹாரியர்ஸ், 1995இல் மேக்கிள்ஸ்ஃபீல்ட் டவுன், 1996இல் ஸ்டீவனேஜ் என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கான்ஃபரன்ஸ் பட்டம் வென்றவர்கள் ஏற முடியாமல் நின்றார்கள். மேக்கிள்ஸ்ஃபீல்ட் 1997இல் மறுபடியும் பட்டம் வென்று ஏறியது. கிடர்மின்ஸ்டருக்கு 2000 வரையும் ஸ்டீவனேஜுக்கு 2010 வரையும் ஆயிற்று. இரண்டாவதாக ஒரு கழகமும் பிளே-ஆஃப் மூலம் ஃபுட்பால் லீக்குக்கு ஏறலாம் என்ற விதி 2003இல்தான் வந்தது. அந்த விதி இல்லாவிட்டால் நம் கதையின் ஒன்பதாம் வரியும் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

புள்ளிக் கணக்கும் காலத்துக்குக் காலம் மாறியது. ஒரு காலத்தில் வெற்றிக்கு இரண்டே புள்ளி. இஸ்த்மியன் லீக் 1973–74இலேயே மூன்றுக்கு மாறிவிட்டது. ஃபுட்பால் லீக் 1981இல்தான் மாறியது. 1983 முதல் 1986 வரை அலையன்ஸ் பிரீமியர் லீக்கில் சொந்த மைதான வெற்றிக்கு இரண்டும் வெளி மைதான வெற்றிக்கு மூன்றும் கொடுத்தார்கள். அந்த ஆண்டுகளின் வரிகளில் நாம் போட்ட பெருக்கல் கணக்கு வேலை செய்யாது.

லீக் கட்டங்களை அடுத்துக் கோப்பைக் கட்டம் வரும். எஃப்.ஏ. கோப்பையில் சிறிய கழகங்கள் ஆகஸ்டிலேயே தொடக்கச் சுற்றுகளில் ஆடத் தொடங்கிவிடுகின்றன. அவற்றையும் நான்கு தகுதிச் சுற்றுகளையும் கடந்து வரும் 32 அணிகள், லீக் ஒன், லீக் டூ அணிகளான 48உடன் முதல் சுற்றில் சேர்கின்றன. மூன்றாம் சுற்றில்தான் பெரிய கழகங்கள் நுழைகின்றன. எனவே ‘மூன்றாம் சுற்று’ என்பது ஒரு பெரிய கழகத்துக்கு அவமானம், நான்-லீக் கழகத்துக்குத் தலைமுறைக்கும் சொல்லிக்கொள்ளும் பெருமை. 1974–75இல் சதர்ன் லீக்கில் இருந்த விம்பிள்டன், முதல் படியில் இருந்த பர்ன்லியை அதன் மைதானத்திலேயே 1–0 என்று வென்றது. அடுத்த சுற்றில் லீட்ஸ் யுனைடெட்டின் எலண்ட் ரோடில் 0–0. அந்த ஆட்டத்தில் பீட்டர் லோரிமர் அடித்த பெனால்டியைத் தடுத்த கோல்காப்பாளர் டிக்கி கை, பல ஆண்டுகளுக்குப் பின் ரசிகர்கள் தொடங்கிய புதிய கழகத்தின் கௌரவத் தலைவரானார். மறு ஆட்டத்தில் 0–1 என்று தோற்றார்கள். அட்டவணையில் ‘நான்காம் சுற்று’ என்று மட்டும் இருக்கும்.

2008–09இல் கான்ஃபரன்ஸ் சவுத்தில் வந்த முதல் ஆண்டிலேயே 88 புள்ளியுடன் முதலிடம். கடைசி நாளில் செயின்ட் ஆல்பன்ஸ் சிட்டியை 3–0 என்று வென்றபோது கிங்ஸ்மெடோவில் 4,722 பேர். 2009–10இல் கான்ஃபரன்ஸில் எட்டாம் இடம். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆனால் ஏழாண்டுகளுக்கு முன் ஒன்பதாம் படியில் இருந்த கழகத்துக்கு ஐந்தாம் படியில் எட்டாம் இடம் என்பது, எண்ணிக்கையில் 2002–03இன் ‘3’ஐவிடத் தாழ்ந்தது போலத் தெரிந்தாலும், எவ்வளவோ உயர்ந்தது.

2010–11: ஆட்டம் 46, வெற்றி 27, சமன் 9, தோல்வி 10, புள்ளி 90, இடம் 2. அந்த ஆண்டு கிராலி டவுன் 105 புள்ளி எடுத்து நேரடியாக ஏறிவிட்டது. பிளே-ஆஃப் அரையிறுதியில் ஃப்ளீட்வுட் டவுனை அவர்கள் மைதானத்தில் 2–0, தங்கள் மைதானத்தில் 6–1 என்று நொறுக்கிய விம்பிள்டன், 2011 மே 21 அன்று மான்செஸ்டர் நகர மைதானத்தில் இறுதி ஆட்டத்துக்கு நின்றது. எதிரே முன்பு சொன்ன அதே லூட்டன் டவுன். பார்த்தவர்கள் 18,195. தொண்ணூறு நிமிடம் 0–0, கூடுதல் நேரமும் 0–0. பெனால்டியில் கோல்காப்பாளர் செப் பிரவுன் இரண்டைத் தடுத்தார். கடைசிப் பந்தை வலைக்குள் அனுப்பியவர் அணித்தலைவர் டேனி கெட்வெல். 4–3. அட்டவணையில் அந்த ஆட்டத்துக்கான இடம் ‘பிளே-ஆஃப் வென்று தரம் உயர்ந்தது’ என்ற சிறு குறிப்பு மட்டுமே. லூட்டனின் அட்டவணையில் அதே நாள் ‘இடம் 3’ என்பதற்கு அப்பால் ஒன்றுமில்லாமல் போனது. அவர்கள் மேலும் மூன்று ஆண்டுகள் காத்திருந்து 2014இல் ஏறினார்கள். 2023இல் பிரீமியர் லீக்கையே அடைந்தார்கள்.

வரியே இல்லாமல் போகும் ஆண்டுகளையும் சொல்லிவிட வேண்டும். போர் ஆண்டுகள் எல்லாக் கழகங்களின் அட்டவணையிலும் இடைவெளியாகத் தெரியும். அண்மையில் 2019–20 பருவம் கொரோனா தொற்றால் நின்றபோது, ஏழாம் படியும் அதற்குக் கீழும் இருந்த லீக்குகளின் முடிவுகள் அனைத்தையும் 2020 மார்ச்சு 26 அன்று ரத்து செய்வதாக அறிவித்தார்கள். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நடந்த ஆட்டங்கள் நடக்காதவை ஆயின. ஜெர்சி தீவிலிருந்து வந்த ஜெர்சி புல்ஸ் என்ற புதிய கழகம், தன் முதல் பருவத்தில், அதே கம்பைன்டு கவுன்ட்டீஸ் லீக்கின் கீழ் டிவிஷனில் ஆடிய 27 ஆட்டங்களையும் வென்று, ஏறுவதும் உறுதியாகிவிட்ட நிலையில் இருந்தது. தங்கள் தீவுக்கு வரும் எதிரணிகளின் பயணச் செலவையும் தாங்களே ஏற்று ஆடிய ஆட்டங்கள் அவை. இருபத்தேழும் அழிந்தன. இப்படிப்பட்ட வரியில் ஒரு கோடோ, ‘கைவிடப்பட்ட பருவம்’ என்ற சொல்லோ இருந்தால், அதை வெற்றிடம் என்று நினைத்துத் தாண்டாமல் அடிக்குறிப்பைத் தேடிப் படியுங்கள்.

கடைசியாக, அட்டவணை எந்த வரியில் தொடங்க வேண்டும் என்ற கேள்வி. மில்டன் கீன்ஸ் போன கழகம் 2004இல் எம்.கே. டான்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1963இன் அமெச்சூர் கோப்பையும், 1988இல் லிவர்பூலை 1–0 என்று வென்று எடுத்த எஃப்.ஏ. கோப்பையும் யாருடைய அட்டவணையில் வரும்? சட்டப்படி தொடர்ச்சி ஓரிடத்தில் இருந்தது, பார்க்க வந்தவர்கள் இன்னோரிடத்தில் இருந்தார்கள். நீண்ட பேச்சுக்குப் பிறகு எம்.கே. டான்ஸ் அந்தப் பழைய பெருமைகளுக்கு உரிமை கோருவதைக் கைவிட்டது. 2007இல் கோப்பைகளின் பிரதிகளும் நினைவுப் பொருள்களும் விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டன. அவை எந்தக் கழகத்திடமும் போகாமல் ஊரிடம் போயின. அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். புள்ளியியலாளர்கள் ஏ.எஃப்.சி. விம்பிள்டனின் அட்டவணையை 2002–03இல் தொடங்குகிறார்கள். ரசிகர்கள் 1889இலிருந்து எண்ணுகிறார்கள்.

அந்த அட்டவணையில் 2020–21 வரிக்குப் போனால், பழைய பிளாவ் லேனுக்கு அருகிலேயே கட்டிய புதிய மைதானத்தில் நடந்த முதல் ஆட்டம் வரும்: 2020 நவம்பர் 3, டான்காஸ்டர் ரோவர்ஸுக்கு எதிராக, 2–2. சொந்த ஊருக்குத் திரும்ப 29 ஆண்டுகள் காத்திருந்தவர்கள், தொற்றுக்காலக் கட்டுப்பாட்டால் உள்ளே நுழைய முடியவில்லை. அந்த ஆட்டத்தின் பார்வையாளர் கட்டத்தில் இருக்கும் எண் 0.